அம்பை பக்கம் வாடகைக்கு வீடு: தெரு வீடா, வளவா, மாடியா, ஒத்தியா?

அம்பை என்கிற அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கம் மாற்றலாகி வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். சம்பளம் இவ்வளவு, ஒரு பிள்ளை, அம்மாவும் கூட வருகிறார்கள், எந்த மாதிரி வீடு பார்ப்பது, மாத வாடகைக்குப் போகவா, மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கும் ஒத்திக்குப் போகவா? திருநெல்வேலியிலேயே இருந்துகொண்டு தினமும் வந்து போய்விடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. சென்னை, கோவை வாடகை கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே சொல்லும் தொகையைக் கேட்டதுமே மனசு நிறைந்துவிடுகிறது, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் வேண்டாம் என்கிறேன். இங்கே வாடகை குறைவுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு நாம் மாதாமாதம் கொடுப்பதில் வாடகை ஒரு பங்குதான், மீதி எங்கே போகிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். தாமிரபரணிக் கரை ஊர், தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று நினைக்கத் தோன்றும். ஆற்றில் ஓடுகிற தண்ணீரெல்லாம் உங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்துவிடாது. குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் நிற்கும், இந்த மூன்றையும் எதிர்வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரர் எப்படியும் ‘தண்ணிக்கு ஒரு குறையும் இல்ல’ என்றுதான் சொல்வார். கணவன் மனைவி இரண்டு பேரும் ஏழரை மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிற குடும்பத்துக்கு ஒன்பது மணிக்கு வருகிற குழாயால் பிரயோஜனம் இல்லை, தரைக்கடியில் தொட்டி இருந்து அதில் தானாக விழுந்தால்தான் உண்டு.

போர் தண்ணீர் என்றால் ஒரு சொம்பு வாங்கிக் கொப்பளித்துப் பாருங்கள். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, வாளியின் உள்பக்கம் சொரசொரப்பாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். படிந்திருந்தால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். ஒரு கேன் முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் மாதம் 450 ரூபாய் ஆயிற்று. அதையும் வாடகையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இது இணைப்புக்குத்தான், ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தாலும் அதே 100 தான். கீழ்வீடு, மேல்வீடு, தண்ணீர் மோட்டார் மூன்றும் ஒரே மீட்டரில் ஓடினால் கணக்கு 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டும். தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டோடு நிற்காது, முதல் 100-க்கு அடுத்த படியின் விலையும் ஏறிவிடும். அதனால்தான் சில வீட்டுக்காரர்கள் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை ஐந்நூறு கூடுதலாக இருந்தாலும் பல சமயம் அதுதான் மலிவு.

மூன்றாவது மழையும் காற்றும். இங்கே ஆனி, ஆடியில் மேற்கே இருந்து காற்று அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை. இரண்டுக்கும் தாங்குகிற வீடா என்று பார்க்க வேண்டும். ஆற்றையோ வாய்க்காலையோ ஒட்டிய தெரு என்றால் 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மறக்கிற சம்பவம் இல்லை, சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். புதுப் பெயின்ட் சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் இருந்தால் அதற்கும் காரணம் கேளுங்கள்.

அப்புறம் கக்கூஸ் எங்கே இருக்கிறது, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்.

வீட்டுக்காரர் பற்றி ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ‘எங்க இருந்து வாரிய, எத்தன பேரு, கறி மீன் சமைப்பியளா’ என்று அன்பாகத்தான் பேச்சு ஆரம்பிக்கும். நாலாவது கேள்வி ‘நீங்க என்ன ஆளுக?’ என்பது. பழைய தெருக்களில் இது அதிகம், புது நகர்களில் குறைவு, அங்கேயும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முஸ்லிம் குடும்பங்களுக்கும் தனியாக வரும் நர்ஸ், டீச்சர் பெண்களுக்கும் வீடு காலியாக இருக்கும்போதே ‘இப்பத்தான் பேசி முடிஞ்சிட்டு’ என்று பதில் வரும். இது அநியாயம். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களா என்பதற்கு மேல் ஒரு வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. பதில் சொல்ல விருப்பம் இல்லை என்றால் சொல்லாமல் எழுந்து வரலாம், அப்படி எழுந்து வந்தவர்கள் வேறு வீடு கண்டுபிடித்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்களுக்கு முன்னால் அதே வேலைக்கு வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ பேங்கிலோ விசாரித்துவிட்டு அந்தத் தெருக்களில் முதலில் தேடுங்கள். அலைச்சலும் மனக்கசப்பும் பாதி குறையும்.

## ஒரே பார்வையில்

| வகை | வாடகை | தண்ணீர் | கண்ணில் படாத செலவு | யாருக்கு ஒத்து வரும் |
|---|---|---|---|---|
| பழைய தெரு வீடு | நடுத்தரம், இடத்தைப் பார்த்தால் மலிவு | கிணறு இருந்தால் நிம்மதி | ஓடு, கரையான், பழைய வயரிங் | பெரியவர்களோடு வருகிறவர்கள், சாமான் அதிகம் உள்ளவர்கள் |
| வளவு வீடு (ஒரே வாசலுக்குள் பல வீடு) | எல்லாவற்றிலும் குறைவு | பொதுக் குழாய், வரிசை | பொதுக் கக்கூஸ், பொது மீட்டர் | புதிதாக வருகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் |
| மாடி போர்ஷன் | கூடுதல் | போர், பெரும்பாலும் உப்பு | வெயில், ஏசி, வண்டிச் செலவு | இளம் தம்பதிகள், ஷிப்டு வேலைக்காரர்கள் |
| ஒத்தி | மாதம் ஒன்றும் இல்லை | வீட்டைப் பொறுத்தது | வட்டி, பத்திரச் செலவு, முடங்கும் பணம் | ஊரில் நிலைத்துவிட்டவர்கள் |
| போய் வருவது | இருக்கிற வாடகையே | இருக்கிறபடி | பஸ் காசு, நேரம், உடம்பு | ஆறு மாத வேலைக்கு வருகிறவர்கள் |

## பழைய தெரு வீடு

கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத் தெருக்களிலும் அம்பையின் பழைய தெருக்களிலும் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. சொந்தக்காரர்கள் சென்னையிலோ மும்பையிலோ இருப்பார்கள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். திண்ணை, கிராதி போட்ட அழிக்கதவு, தார்சா என்கிற முன்கூடம், நடுவில் முற்றம், அப்புறம் அடுக்களை, கிணறு, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது, வெளிச்சம் முற்றம் வழியாகத்தான். இத்தனை இடம் இந்த வாடகைக்கா என்று தோன்றும். ஆள் இல்லாத வீட்டைக் கரையான் தின்றுவிடும், விளக்கேற்ற ஒரு குடும்பம் இருக்கட்டும் என்பதுதான் பல சொந்தக்காரர்களின் எண்ணம். அதனால் வாடகையில் இறங்கி வருவார்கள்.

சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் குளிர்ச்சிக்கு ஈடு கிடையாது. ஏசி தேவைப்படாது, கரண்ட் பில் பாதியாகும். கிணறு ஊறுகிற வீடு என்றால் குழாயை நம்பி இருக்கவும் வேண்டாம்.

செலவு எங்கே என்றால் கூரையில். மலையடிவாரத்தை ஒட்டி விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் பக்கம் போகப் போகக் குரங்குத் தொல்லை கூடும், ஒரு கூட்டம் கூரை மேல் ஓடிப் போனால் பத்து ஓடாவது நகர்ந்துவிடும். ஐப்பசியில் அடுக்களைக்குள் ஒழுகும்போதுதான் தெரியும். நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதே இப்போது கஷ்டம், கிடைத்தாலும் கூலி யார் கொடுப்பது என்று மும்பைக்குப் போன் பண்ணிப் பேச வேண்டும். ஆகவே வரும்போதே ‘ஓடு, மோட்டார், வயரிங் வேலைக்கு ஆகும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். பழைய வயரிங் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதும் அவசியம். சில வீடுகளில் ஒரு அறையைச் சொந்தக்காரர்கள் பூட்டி வைத்திருப்பார்கள், கோயில் விசேஷத்துக்கு வரும்போது வந்து தங்குவோம் என்பார்கள். அதில் தப்பில்லை, எத்தனை நாள், எத்தனை பேர் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வயதான அம்மா அப்பாவோடு வருகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான், மாடிப்படி கிடையாது, பேச்சுத் துணைக்குத் தெரு இருக்கிறது. ஒரே நிபந்தனை, கக்கூஸ் புறவாசலில் கடைசியில் இருந்தால் ராத்திரி மழையில் அவர்களால் நடந்து போக முடியாது. உள்ளே ஒன்று கட்டியிருக்கிற வீடாகப் பாருங்கள்.

## வளவு வீடு

வெளியூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஒரு வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் எதிரும் புதிருமாக ஆறு வீடு, எட்டு வீடு, நடுவில் பொது இடம், கிணறு, குழாய். ஒவ்வொன்றும் ஒரு முன்னறை, ஒரு அடுக்களை, சில வீட்டில் இடையில் இன்னொரு அறை. காலையில் குழாய் வருகிற நேரத்துக்கு முன்பே குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் யாருடையது என்று தெரிய ஒரு நூலோ பெயின்ட் புள்ளியோ இருக்கும், குடத்துக்காரி வராவிட்டாலும் அடுத்தவர் பிடித்து எடுத்து வைத்துவிடுவார். கக்கூஸ் சாவி வாசல் பக்கத்து ஆணியில் தொங்கும்.

வாடகை இங்கேதான் மிகக் குறைவு. அதற்கு மேல் கிடைப்பதைக் காசில் சொல்ல முடியாது. குழந்தையைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம், சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார்கள், ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் ஒரு குரலுக்கு நாலு பேர் வருவார்கள். ஊர் தெரியாமல் வந்து இறங்கிய குடும்பத்துக்கு, எந்த டாக்டர், எந்தப் பள்ளிக்கூட வேன், எந்தத் தெருவில் எந்த வீடு காலியாகப் போகிறது என்ற தகவல் எல்லாம் இந்த முற்றத்திலேயே கிடைத்துவிடும். நல்ல வீடுகள் போர்டு தொங்கவிடுவதற்கு முன்பே பேசி முடிகிற ஊர் இது. போர்டைப் பார்த்து அலைகிறவரை விட வளவுக்குள் இருக்கிறவருக்கு ஒரு மாதம் முன்னதாகவே தெரியும்.

குறைகள் எல்லாம் அந்தரங்கம் சம்பந்தப்பட்டவை. நம் வீட்டில் என்ன குழம்பு என்பதில் இருந்து யாரோடு சண்டை என்பது வரைக்கும் தெரிந்துவிடும். பைக் நிறுத்த இடத்துக்குப் போட்டி. விருந்தாளி நாலு பேர் வந்து தங்கினால் தண்ணீர் விஷயத்தில் முணுமுணுப்பு வரும். பொது மீட்டராக இருந்தால் பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது, பல்பும் ஃபேனும் மட்டும் வைத்திருக்கிறவர் ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறவருக்கும் சேர்த்துக் கட்டுவார். தனிக் கக்கூஸும் உள்மீட்டராவதும் உள்ள வளவு கிடைத்தால் முதல் வருஷத்துக்கு யோசிக்காமல் எடுக்கலாம். இரண்டும் இல்லை என்றால், பெண்கள், பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன், வாடகை எவ்வளவு குறைந்தாலும் சரி.

## புது நகரில் மாடி போர்ஷன்

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, நேற்று வரை வயலாக இருந்த இடங்களில் மனை பிரித்துக் கட்டிய வீடுகள். கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள். டைல்ஸ் தரை, உள்ளேயே பாத்ரூம், கார் ஷெட் ஓரத்தில் பைக் நிறுத்த இடம். கேள்விகள் குறைவு, தனி வாசல், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரு கவனிக்காது.

வெயில்தான் பெரிய செலவு. தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, நேர் கீழே உள்ள வீடு, பங்குனியில் இருந்தே ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். ஏசி போட்டால் பில், போடாவிட்டால் தூக்கம் கிடையாது. மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில் இருக்கும், அவர்கள் ஊருக்குப் போனால் உங்களுக்குத் தண்ணீர் இல்லை. சுவிட்ச் வெளியில் இருக்கிறதா, கேட்டுக்கு ஒரு சாவி தருவார்களா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள், நைட் டூட்டி முடித்து வருகிற நர்ஸுக்குப் பத்து மணிக்குப் பூட்டுகிற கேட் ஒத்து வராது. வயலாக இருந்த இடம் என்பதால் மழைக்காலத்தில் ரோடு சேறாகும், சில மனைகளில் தண்ணீர் தேங்கும், முடிந்தால் ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். வண்டி இல்லாத குடும்பம் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசையும் வாடகையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, ஸ்கூட்டர் உள்ள தம்பதிகளுக்கு இது போதும்.

## ஒத்தி

ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது அந்தத் தொகையை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. கேட்க நன்றாக இருக்கும், கணக்குப் போட்டால் சில பேருக்கு நன்றாகவும் இருக்கும்.

மாதம் 5,000 ரூபாய் வாடகைக்குப் போகிற வீட்டை 3 லட்சம் ஒத்திக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சம் உங்கள் சொந்தப் பணம், பேங்கில் போட்டால் 7 சதவீத வட்டி வரும் என்றால் வருஷத்துக்கு 21,000, மாதத்துக்கு 1,750. 5,000 ரூபாய் வீட்டில் 1,750-க்கு இருக்கிறீர்கள், நல்ல லாபம். நகையை வைத்து 10 சதவீதத்துக்கு வாங்கினால் மாதம் 2,500 ஆகும், அப்போதும் வாடகையை விடப் பாதிதான். ஆனால் வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கி ஒத்திக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் 3 லட்சத்துக்கு மாதம் 6,000. வாடகைக்கே இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் பத்திரம். வீட்டை அடமானமாகக் கொடுக்கும் ஒத்தி, நூறு ரூபாய்க்கு மேல் போனால் இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரத்தில்தான் செல்லும், சொத்துரிமை மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இங்கே பாதிப் பேர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு லட்சங்களைக் கொடுக்கிறார்கள், பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று. அந்தத் தாள் பணம் கொடுத்ததற்குச் சாட்சியாக வேண்டுமானால் உதவும், அந்த வீட்டின் மேல் உங்களுக்கு எந்தப் பிடியும் தராது. கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கச் சான்றைப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். பூர்வீக வீடு என்றால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். ஊரில் இருக்கிற ஒரு தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கி, மற்றவர்கள் அடுத்த வருஷம் வந்து வாசலில் நிற்கிற கதை இந்தப் பக்கம் புதிதில்லை.

இன்னொன்று. ஒத்திப் பணத்தை வாங்கியவர் அதைப் பெட்டியில் வைத்திருக்க மாட்டார், மகள் கல்யாணமோ பழைய கடனோ, அதற்காகத்தான் வாங்கியிருப்பார். திருப்பித் தர அடுத்த ஒத்திக்காரர் வர வேண்டும். பணம் வரும் வரை வீட்டை விட மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ள பதிவுப் பத்திரம் உங்களுக்கு உரிமை தருகிறது, சரி. ஆனால் மாற்றல் உத்தரவு கையில் வந்துவிட்டவர் எப்படி உட்காருவார்? ஆகவே மாற்றல் உள்ள வேலைக்காரர்களுக்கு ஒத்தியே வேண்டாம் என்பது என் கருத்து. ஊரில் ஒரு வருஷமாவது இருந்து, வீட்டுக்காரர் குடும்பத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்க முடிகிறவர்கள், கையில் சொந்தப் பணம் உள்ளவர்கள் போகலாம்.

## திருநெல்வேலியில் இருந்தே போய் வருவது

அம்பைக்கும் திருநெல்வேலிக்கும் சுமார் 35 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செங்கோட்டை பாசஞ்சர் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று நின்றுதான் போகும், சீசன் டிக்கெட் மலிவு, உங்கள் வேலை நேரத்துக்கு ரயில் இருந்தால் மட்டும். பிள்ளைக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம், பரீட்சை வரை மாற்ற முடியாது என்றால் சில மாதம் தாங்கலாம். வருஷக்கணக்கில் முடியாது.

இதை விட நல்ல யோசனை ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை. அம்பையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு பார்ப்பது. வாடகை இன்னும் குறையும், சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்தில் இருந்து டிக்கெட் இல்லை, வேலைக்குப் போவது மனைவி என்றால் போக்குவரத்துச் செலவே கிடையாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஓட்டுநரிடமே கேளுங்கள், பஸ் ஸ்டாண்டில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

## பேசி முடிக்கும்போது

வீடு தேடப் புரோக்கரிடம் போவதற்கு முன்னால் பால்காரர், இஸ்திரிக் கடைக்காரர், பலசரக்குக் கடை அண்ணாச்சி, பள்ளிக்கூட வேன் டிரைவர் இந்த நாலு பேரிடம் சொல்லிவையுங்கள். புரோக்கர் ஒரு மாத வாடகை கேட்பார், இவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனி கடைசி வரை போகாத வீடு ஆவணி வரை சும்மா கிடக்கும் என்று வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனி கடைசி வாரத்தில் பேசுங்கள், வாடகை இறங்கும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. இங்கே பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் உண்டு, இதைச் சொன்னால் ஆறுக்காவது வருவார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். பிடிப்பார்களா, எவ்வளவு, எத்தனை வருஷம் இருந்தால் பிடிக்க மாட்டார்கள் என்பதை அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே கேட்டு ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள், காலி செய்கிற அன்றைக்குக் கேட்டால் அவர் சொல்வதுதான் தொகை. பால் காய்ச்சுகிற காலையில் கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.